ஓடுகிறோம், முன்னேறுகிறோமா?

ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு 'மேக் ஹெட்வே' என்ற சொற்றொடர் பழக்கமானது. எங்காவது பேச்சுவார்த்தை நடந்தால் அதில் 'ஹெட்வே' கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ எழுதுவார்கள். ஒரு கம்பனி புதிய சந்தையில் இடம் பிடித்தாலும் இதே சொல்தான். அகராதியைப் புரட்டினால் 'முன்னேறுதல்' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டு முடித்திருப்பார்கள். அந்தப் பொருளில் பிழையில்லை. ஆனால் சொல் பிறந்த இடத்தைத் தேடிப் போனால், வியாபாரம் செய்கின்ற நமக்கு அதில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது.

இது கப்பல்காரர்களின் சொல். பாய்மரக் கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அணியம் பார்க்கும் திசையில் நகர்ந்தால் அதற்கு 'ஹெட்வே' என்று பெயர். பின்னோக்கி நகர்ந்தால் 'ஸ்டேர்ன்வே'. முன்பக்கம் சரியான திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனால் அது 'லீவே'. ஆக, கப்பல் அசைகிறது என்பதற்கு ஒரு சொல் போதவில்லை அவர்களுக்கு. எந்தப் பக்கம் அசைகிறது என்பதைச் சொல்ல வெவ்வேறு சொற்கள் வேண்டியிருந்தன. காரணம், அதைப் பிரித்தறியத் தெரியாதவன் உயிரோடு கரை சேரமாட்டான்.

சொல்லைப் பயன்படுத்தும் முறையிலும் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, 'எ ஹெட்வே' என்று முன்னால் 'எ' சேர்த்து எழுதுவது நமது பக்கத்தில் அடிக்கடி காணப்படும் பிழை. ஹெட்வே என்பது ஒன்று, இரண்டு என எண்ணிச் சொல்வதல்ல. கொஞ்சம், அதிகம், ஒன்றுமேயில்லை என அளந்து சொல்வது. 'சம் ஹெட்வே', 'லிட்டில் ஹெட்வே', 'நோ ஹெட்வே' என்றுதான் வரும். வங்கிக்கோ வெளிநாட்டுக் கம்பனிக்கோ கடிதம் எழுதும் நமது பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. எதிர்ப்பு இருக்கும் இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. எதிர்க்காற்று, பெருங்கடல், கஷ்டமான பேச்சுவார்த்தை, விட்டுக்கொடுக்காத போட்டியாளன், இவற்றுக்கு எதிராக ஓரடி முன்னே வைத்தால் அது ஹெட்வே. தகப்பனார் விட்டுப்போன காணியின் விலை ஏறினால் அதை யாரும் ஹெட்வே என்று சொல்வதில்லை. நமது பேச்சில் உள்ள 'தலையெடுத்தல்' இதற்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. "அவன் இப்பதான் தலையெடுத்து வாறான்" என்று சொல்லும்போது, அமுக்கிப் பிடித்த ஏதோவொன்றைத் தள்ளிக்கொண்டு எழும்பினான் என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது.

இந்த மூன்று அசைவுகளையும் நமது கடைகளோடு பொருத்திப் பார்ப்பதே இவ்வாரப் பத்தியின் நோக்கம். நமது வியாபாரிகள் பலர் ஓட்டத்தையும் முன்னேற்றத்தையும் ஒன்றாகவே கணக்கெடுக்கிறார்கள் என்பது எனது அபிப்பிராயம். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிறோம், லொறி வருகிறது, போகிறது, தொலைபேசி ஓய்வதில்லை. இவ்வளவு ஓட்டமும் நம்மை முன்னால்தான் கொண்டுபோகிறது என்று எப்படித் தெரியும்?

நீரோட்டம் என்ற கள்வன்

பழைய கப்பல்களில் வேகத்தை அளக்க ஒரு முறை இருந்தது. ஒரு பலகைத் துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் கடலில் போடுவார்கள். கயிற்றில் குறித்த இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். ஏறத்தாழ அரை நிமிட மணற்கடிகாரம் ஓடி முடியும்வரை எத்தனை முடிச்சுகள் கையைத் தாண்டிப் போயின என்று எண்ணுவார்கள். இன்றும் கப்பலின் வேகத்தை 'நொட்' என்று, அதாவது முடிச்சு என்று சொல்வது அதனால்தான். ஒரு நொட் என்பது மணிக்கு 1,852 மீற்றர்.

ஆனால் அந்தக் கயிற்றில் ஒரு குறை இருந்தது. கப்பல் தண்ணீரின் மேல் ஓடும் வேகத்தைத்தான் அது காட்டும். தண்ணீரே எதிர்த்திசையில் ஓடினால் அதைக் காட்டாது. நீரோட்டம் மூன்று நொட்டில் எதிர்த்து வர, கப்பல் மூன்று நொட்டில் முன்னே போனால், மாலுமிக்குக் கப்பல் நன்றாக ஓடுவதாகத்தான் தெரியும். கரையிலிருந்து பார்ப்பவனுக்குக் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

2022ஆம் ஆண்டு நமது நாட்டில் நடந்தது இதுதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். அதாவது முந்திய செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு இப்போது ஏறத்தாழ 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கடையில் 2021 செப்டெம்பரில் 10 இலட்சம் ரூபாவுக்கு விற்பனை நடந்து, 2022 செப்டெம்பரில் அது 15 இலட்சமாகியிருந்தால், முதலாளி ஐம்பது சதவீதம் வளர்ந்துவிட்டதாக நினைத்திருப்பார். பழைய விலையில் பார்த்தால் அந்த 15 இலட்சம் வெறும் 8 இலட்சத்து 83 ஆயிரம்தான். கடையிலிருந்து வெளியே போன சாமானின் அளவு பன்னிரண்டு சதவீதம் குறைந்திருக்கிறது. பலகையில் முடிச்சு எண்ணியவருக்கு வேகம். கரையிலிருந்து பார்த்தவருக்குப் பின்னடைவு.

இறக்குமதிச் சாமான் விற்றவர்களின் கதை இதைவிட மோசம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதமளவில் அது சுமார் 360 ரூபா. ஒரு வியாபாரி 20 இலட்சம் ரூபாவுக்கு, அதாவது 10,000 டொலருக்குச் சாமான் இறக்கி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வழமையான இருபத்தைந்து சதவீத இலாபத்தில் அதை விற்றார். கையில் 25 இலட்சம். கணக்குப் புத்தகத்தில் 5 இலட்சம் இலாபம். அதே சாமானைத் திரும்ப இறக்கப் போனால் அந்த 25 இலட்சத்துக்குக் கிடைப்பது 7,000 டொலருக்கும் குறைவு. இலாபம் வைத்து விற்றவரின் கடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சாமான் காணாமற் போய்விட்டது. திருடன் வரவில்லை, கூரை உடையவில்லை. நீரோட்டம் கொண்டு போனது.

அந்தக் காலத்தில் புறக்கோட்டையில் ஓர் இளம் வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"ஹாஜியார், இந்த முறை நோன்புக்கு யாவாரம் நல்லம். அல்ஹம்துலில்லாஹ், ராக்கையெல்லாம் காலி" என்றார்.

"நல்லம் மகன். ராக்கை திரும்ப நிரம்புமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரைவாசி நிரம்பும்" என்றார்.

கேள்வி அவ்வளவுதான். விற்ற பணத்தால் விற்ற சாமானைத் திரும்ப வாங்கி ராக்கையை நிரப்பி, அதற்கு மேல் மிஞ்சுவதே இலாபம். நிரம்பாமல் மிஞ்சுவது முதல். முதலைச் சாப்பிடுகிறவன் தன் கப்பலின் பலகையைக் கழற்றி அடுப்பெரிக்கிறான்.

பிறகு பணவீக்கம் குறைந்தது. 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.5. பலர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஏன் விலை பழைய இடத்துக்கு வரவில்லை?" என்று கேட்கிறார்கள். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது என்றால் ஏறுவது நின்றது என்று பொருள். ஏறியது இறங்கியது என்று பொருளல்ல. நீரோட்டம் நின்றுவிட்டது, ஆனால் அது தள்ளிக்கொண்டு வந்த இடத்தில்தான் நாம் நிற்கிறோம். அந்த இடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

இதில் வரிச் சங்கதியும் ஒன்று உண்டு. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. அதே காலத்தில், பதிவு செய்ய வேண்டிய வருடாந்தப் புரள்வின் எல்லை 30 கோடி ரூபாவிலிருந்து 8 கோடிக்கும், பின்னர் 6 கோடிக்கும் குறைக்கப்பட்டது. ஒரு பக்கம் விலை ஏற்றத்தால் புரள்வு தானாக ஏறியது. மறுபக்கம் எல்லை கீழே இறங்கியது. ஒரு மூடை கூடுதலாக விற்காதவர்களும் வரி வலைக்குள் வந்துவிட்டார்கள். புரள்வு பெரிதாகத் தெரிவதில் பெருமைப்படுகிறவர்கள் இதையும் மனதிற்கொள்ள வேண்டும். இதன் பின்னர் வந்த மாற்றங்களை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் போனவர்கள்

இனி, 'லீவே'. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'சலுகை', 'இடங்கொடுத்தல்' என்ற பொருளும் உண்டு. கப்பல்காரனுக்கு அது ஆபத்து. முன்பக்கம் சரியான திசையைப் பார்ப்பதால் தான் வழி தவறவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

இதற்கு நம் சரித்திரத்திலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மஃபர் என்று அறபிகள் அழைத்த தென்னிந்தியக் கரைக்குப் புறப்பட்டார். அது மூன்று நாள் பயணம். ஆனால் ஒன்பது நாட்கள் கடலில் அலைந்து அவர் வந்து சேர்ந்தது நமது புத்தளத்துக்கு. அல்லாஹ்வின் நாட்டம், அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை மரியாதையோடு வரவேற்று, பாவா ஆதம் மலைக்குப் போய்வரவும் ஏற்பாடு செய்து கொடுத்தார். பயணிக்கு அது நல்லதாய் முடிந்தது. வழிமாறி ஒதுங்கிய வியாபாரிக்கு எந்த அரசனும் பல்லக்கு அனுப்பமாட்டான்.

நமது வியாபாரத்தில் பக்கவாட்டுத் தள்ளல் பல வடிவங்களில் வருகிறது. முதலாவது கடன். கடனுக்குக் கொடுத்தால் விற்பனை கூடும் என்பது உண்மை. மூன்று மாதத் தவணைக் காசோலையை வாங்கி லாச்சியில் வைத்தவுடன், அது காசு என்றே மனம் நம்பிவிடுகிறது. அந்தக் காசோலையைக் காட்டி நாமும் மொத்த வியாபாரியிடம் காசோலை எழுதுகிறோம். ஊரில் ஒருவருடைய காசோலை திரும்பினால் புறக்கோட்டையில் பத்துப் பேருடைய காசோலை திரும்புகிறது. இதில் யாரும் கெட்டவர்களல்லர். எல்லோருடைய கப்பலும் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரே காற்றில் ஒதுங்குகிறது.

இரண்டாவது, தொழில் மாறாமல் மாறுவது. துணிக்கடைக்காரர் ஒரு மூலையில் செருப்பு வைக்கிறார். பிறகு தொலைபேசி உறைகள். பிறகு மச்சானுடைய உணவகத்தில் பங்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் துணி ராக்கையில் பழைய சரக்கு. அவரைத் துணிக்காரர் என்று தேடி வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். புதிய தொழிலுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. திசையை முடிவு செய்துவிட்டுச் சுக்கானைத் திருப்புவது வேறு. காற்றுக்கு ஒதுங்குவது வேறு.

மூன்றாவது, இரண்டாவது கிளை. முதற்கடை சம்பாதித்ததை இரண்டாவது கடையின் முற்பணமும் வாடகையும் குளிரூட்டியும் தின்றுவிடுகின்றன. பெயர்ப்பலகையில் 'கிளைகள்' என்று போட முடிகிறது. முதலாளிக்கு இரண்டு இடத்திலும் நிற்க முடியவில்லை. ஊர் மதிப்புக்காகத் திறந்த கிளைகள் எத்தனை என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

பக்கவாட்டில் ஒதுங்குவதை மாலுமி எப்படிக் கண்டுபிடித்தான்? முன்னால் பார்த்தல்ல, பின்னால் திரும்பிப் பார்த்து. கப்பல் போன வழியில் தண்ணீரில் ஒரு வெண்ணிறத் தடம் விழும். அது நேர் பின்னால் இருந்தால் கப்பல் நேரே போகிறது. தடம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால், அந்தக் கோணம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கப்பல் ஒதுங்குகிறது. வியாபாரியின் தடம் பழைய கணக்குப் புத்தகம். மூன்று வருடத்துக்கு முந்திய கடன் பட்டியலையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பெயர்கள், அதே தொகைகள், அதற்கு மேலும் கூடியிருந்தால் நீங்கள் கடைக்காரரல்ல, கூலியில்லாத வங்கி.

ஸகாத் நாள் ஓர் அளவுகோல்

அளப்பதற்கு நம்மிடம் கருவி இல்லையா? இருக்கிறது. மற்றவர்கள் கணக்காளருக்குப் பணம் கொடுத்துச் செய்யும் வேலையை நமக்கு மார்க்கமே கடமையாக்கித் தந்திருக்கிறது. ஸகாத் கொடுப்பதற்காக வருடத்தில் ஒரு நாளைக் குறித்து, கையிலுள்ள காசு, வியாபாரச் சரக்கின் அன்றைய சந்தைப் பெறுமதி, திரும்பி வரும் என்று நம்பிக்கையுள்ள கடன் ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, அதில் நாற்பதில் ஒரு பங்கை, அதாவது 2.5 சதவீதத்தைக் கொடுக்கிறோம். எந்தக் கடனைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்ற சட்ட நுணுக்கங்களை உலமாக்களிடம் கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது வியாபாரக் கணக்கு மட்டுமே.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டால் அதைவிடச் சிறந்த வருடாந்த அளவீடு வேறில்லை. சரக்கை வாங்கிய விலையிலல்லாது அன்றைய விலையில் மதிக்கிறோம். வராத கடனைத் தனியே பிரித்து எழுதும்போதுதான் அது எவ்வளவு என்று முதன்முறையாகக் கண்ணில் படுகிறது. வேதனை என்னவென்றால், நம்மில் பலர் ரமழானின் கடைசிப் பத்தில் ஒரு குத்துமதிப்பான தொகையை எடுத்துப் பகிர்ந்துவிட்டு ஸகாத் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். கடமையும் முழுமையடைவதில்லை, கணக்கும் கிடைப்பதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. ஸகாத் வருடம் சந்திர வருடம். ஆங்கில வருடத்தைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு. பெருநாளும் அப்படியே முன்னே நகர்ந்துகொண்டு போகிறது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே ஏப்ரலில் அருகருகே வந்தன. 2025இல் பெருநாள் மார்ச் மாதக் கடைசிக்குப் போய்விட்டது. அவ்வாண்டு ஏப்ரல் விற்பனையை முந்திய ஏப்ரலோடு ஒப்பிட்ட துணி வியாபாரி வியாபாரம் விழுந்துவிட்டதாக நினைத்திருப்பார். மார்ச்சை ஒப்பிட்டவர் பறப்பதாக நினைத்திருப்பார். ரமழானை ரமழானோடு ஒப்பிட்டவருக்குத்தான் உண்மை தெரியும்.

எனவே ஸகாத் கணக்கு எழுதும் கொப்பியில் மேலும் மூன்று வரிகள் சேர்த்து எழுதும்படி சக வியாபாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: இன்றுள்ள நிகர முதலுக்கு நீங்கள் விற்கும் பிரதான சாமான் எத்தனை மூடை, எத்தனை யார், எத்தனை பெட்டி வாங்கலாம்? ரூபா சுருங்கும், விரியும், மூடை மூடைதான். சென்ற வருடம் 400 மூடை வாங்கக்கூடிய முதல் இந்த வருடம் 420 மூடை வாங்குமானால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். 380 என்றால், இலாபக் கணக்கு என்ன சொன்னாலும் பின்னே போயிருக்கிறீர்கள்.

இரண்டு: வெளியே நிற்கும் கடன், மொத்த முதலில் எத்தனை பங்கு? அது வருடா வருடம் கூடுகிறதா, குறைகிறதா?

மூன்று: வீட்டுச் செலவுக்குக் கடையிலிருந்து எடுத்தது எவ்வளவு? இதை எழுதாத கடைகளே அதிகம். எழுதாவிட்டால் முதலை யார் சாப்பிட்டது என்று ஒருநாளும் தெரியவராது.

சிறிய முன்னேற்றத்தின் பெறுமதி

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "400 மூடை 402 ஆனால் அது ஒரு முன்னேற்றமா?" என்று ஒருவர் கேட்கலாம். ஆம் என்பேன். கப்பலின் சுக்கான் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் அதன்மேல் ஓடினால்தான் அது கப்பலைத் திருப்பும். கப்பல் அசையாமல் நின்றால் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. காற்றும் அலையும் சொல்கிற பக்கம்தான் அது போகும். சுக்கான் பிடிக்கத் தேவையான அந்தக் குறைந்தபட்ச ஓட்டத்துக்கு 'ஸ்டியரேஜ்வே' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். புயலில் அகப்பட்ட கப்பல் துறைமுகத்தை நோக்கி ஓடாவிட்டாலும், முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து இந்தச் சிறு ஓட்டத்தைக் காப்பாற்றப் போராடும்.

சிறு கடையும் அப்படித்தான். கொஞ்சமாவது உண்மையான இலாபம் இருக்கும்வரை, எதை வாங்குவது, யாருக்குக் கடன் மறுப்பது, எந்த விலைக்கு விற்பது என்று நாம் முடிவு செய்யலாம். அது பூச்சியமானால் முடிவுகள் வேறு கைகளுக்குப் போய்விடும். மொத்த வியாபாரி தள்ளுகிற சாமானை வாங்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்கிற தவணைக்குக் கொடுக்க வேண்டும். கடைசியில் வங்கி மேலதிகப் பற்றுக்கோ வட்டிக்காரனிடமோ போக வேண்டும். வட்டியின் பாவத்தை உலமாக்கள் சொல்வார்கள். அது சுக்கானைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதை 2022இல் வங்கி வட்டி இருபது சதவீதத்தைத் தாண்டியபோது நமது தெருக்களே பார்த்தன.

அந்த வருடங்களில் புதிய கிளை திறக்காமல், கடனைக் குறைத்து, வீட்டுச் செலவைச் சுருக்கி, இருந்த முதலை இருந்த மூடையளவில் காப்பாற்றிய சில சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். ஊரில் அவர்களை யாரும் பெரிய முதலாளி என்று சொல்வதில்லை. அவர்களுக்குக் கீழே தண்ணீர் அவ்வளவு வேகமாகப் பின்னால் ஓடியபோது அவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஹெட்வே என்ற சொல்லின் சரியான பொருளுக்கு உரியவர்கள் அவர்கள்தான். கடற்காற்று மாறிய பிறகு முதலில் பாய் விரித்தவர்களும் அவர்கள்தான்.

பிள்ளைகள் கடைக்கு வர விரும்புவதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். வந்து நிற்கும் பிள்ளைக்கு நாம் காட்டுவது ஓட்டத்தை மட்டும்தான். கடை முன்னே போகிறதா என்பதை ஓர் ஒற்றைக் கொப்பியில் காட்ட முடிந்தால், படித்த பிள்ளையும் அதில் ஒரு தொழிலைக் காண்பான். வரும் ஸகாத் நாளில் அந்தக் கொப்பியை அவனைக் கொண்டே எழுதுவியுங்கள்.

உழைப்பு நம்முடையது, அளவு நம்முடையது, பலன் அல்லாஹ்வுடையது. அவன் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.